வெயிலுக்கென்று வாங்கிய தொப்பி

போன ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். சுற்றுலா வருகிறவர்களுக்குத் தொப்பி விற்கிற பெண் ஒருத்தி, "வெயில் கொளுத்துது சார், ஒண்ணு வச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே ஓலைத்தொப்பி ஒன்றை என் தலையில் கவிழ்த்துவிட்டாள். உள்பட்டையின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. அவசரமாகக் கழற்றிக் கொடுத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? உங்களிடமாவது சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக் கிளம்பி மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு சர்வே ஆபீசில் வேலை. பெரிதாக நினைத்துவிடாதீர்கள், சர்வேயருக்குப் பின்னால் நோட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக நடப்பதுதான். கருவடிக்குப்பத்தில் வீடு இருக்கும்போதே, ஆபீசுக்குப் பக்கம் என்று சொல்லி உப்பளத்தில் அறை எடுத்திருந்தேன். அண்ணனிடம் மட்டும், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிற வேலை என்று அளந்து வைத்திருந்தேன். அப்பா போன பிறகு ஏர் பிடித்து என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். தான் படித்தது ஐந்தாவதோடு சரி.

துரைமார் விட்டுப்போன சாமான்களை வாங்கி விற்க அப்போது பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். நிலைக்கண்ணாடி, பூட்ஸ், பீங்கான் தட்டு, அவற்றுக்கு நடுவே, துரைமார் வெயிலுக்குப் போடுகிற வெள்ளை நெட்டித் தொப்பி ஒன்று. யாரோ ஒரு துரையின் தலை வாசனை இன்னும் போகாமல் இருந்தது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு பாய் சிரித்தார்.

"வெயிலுக்கா தம்பி, இல்ல ஊருக்கா?"

"வெயிலுக்குத்தான் பாய். ஒரே தலைவலி."

பதினைந்து வயதுவரை அதே வெயிலில் வெறுந்தலையோடு மாடு ஓட்டியவனுக்குத் தலைவலி! அறைக்கு வந்து, அரசாங்க வேலைக்கு ஒரு கௌரவம் வேண்டாமா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சர்வேயரே வெறுந்தலையோடு வருகிறவர் என்பது ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டேன்.

அடுத்த வாரம் கருவடிக்குப்பத்துப் பக்கம் அளவு. எங்கள் நிலம் இருக்கிற பக்கம். தெரிந்துதான் தொப்பியை மாட்டிக்கொண்டு போனேன். சர்வேயர் அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆளோடு மறுகோடிக்குப் போயிருந்தார். நான் அளவுக்காக நட்டிருந்த கொடிக்கம்பத்தின் பக்கத்தில் தனியாக நின்றேன். அண்ணன் வரப்பில் வந்தார். நாலடி தள்ளியே நின்று, துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

"முசே, அந்த வாய்க்கா ஓரத் துண்டு... எங்கப்பா காலத்துலேர்ந்து நாங்கதான் பயிர் வைக்கறோம். பட்டா கெடையாது. கல்லு போடறப்ப கொஞ்சம் பாத்துப் போடுங்க. எந்தம்பி உங்க ஆபீசுலதான் எழுதறான். நல்ல பையன். அவனக் கேட்டாலே சொல்லுவான்."

துரைமாரைக் கூப்பிடுகிற அதே 'முசே'. அவர் தலை நிமிரவே இல்லை. பேண்ட்டும் சட்டையும் தொப்பியும்தான் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

முதல் வார்த்தையிலேயே கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வயசு ஆக வேண்டியிருந்தது: அவர் பேசப் பேச எனக்கு உள்ளுக்குள் இனித்தது. ஓர் ஆள் என் முன்னால் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறான். இதற்குத்தான் ஆசைப்பட்டேன். வெயிலுமில்லை, கௌரவமுமில்லை. நிற்கிறவர் என் அண்ணன் என்பதுகூட அந்த இனிப்பைக் குறைக்கவில்லை. பேசி முடிக்கும்வரை விட்டேன்.

பதில் வராததால் அவர் நிமிர்ந்தார்.

"அண்ணே" என்று அப்போதுதான் கழற்றினேன்.

என் முகத்தையும் கையிலிருந்த தொப்பியையும் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தேவலை. துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளக்கூட இல்லை.

"வெயில்ல நிக்கறீங்களே" என்றார். "தொப்பியப் போட்டுக்குங்க."

எல்லைக்கல் அந்தத் துண்டுக்கு இந்தப் பக்கம், எங்கள் வயலோரமாகவே விழுந்தது. அந்தத் துண்டு அரசாங்கத்துக்குப் போயிற்று. நான் சர்வேயரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலும் நடந்திருக்காது என்று வெகுநாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தொப்பியை அன்று சாயங்காலமே பாயிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது அங்கே வயலும் இல்லை, வாய்க்காலும் இல்லை, மாடி வீடுகள். என்னை 'டேய்' என்று கூப்பிட அண்ணன் ஒருவர்தான் இருந்தார். அதற்குப் பிறகும் முப்பது வருஷம் உயிரோடு இருந்தார். நான் போகும்போதெல்லாம் எழுந்து நின்று, "வாங்க தம்பி" என்றார்.