ஆடு, கோழி, யானை

எங்கள் லேனில் கோழி வளர்க்கக் கூடாது என்ற சட்டத்தைக் கொண்டுவந்த மடையன் நான்தான். வேண்டுமென்று கொண்டுவரவில்லை. பகிடிக்குச் சொன்னேன். சிரிக்க வேண்டியவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள்.

அம்பிட்டியவில் மேட்டைப் பார்த்து ஏறுகிற லேன் எங்களுடையது. லேனுக்கென்று ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. யாராவது செத்துப்போனால் கூடாரம், கதிரை, பெரிய டீக் கேத்தல் எல்லாம் அங்கிருந்துதான் வரும். சாகிறவர்கள் அடிக்கடி கிடைப்பதில்லை என்பதால் மிச்ச நேரத்தில் சங்கம் லேனை ஆட்சி செய்யும். குப்பை எங்கே வைப்பது, வாகனம் எங்கே நிறுத்துவது என்று எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. மீறினால் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் கூடாரமும் போகும். ஆகவே, சாகவே மாட்டேன் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் மட்டும்தான் எங்கள் லேனில் சட்டத்தை மீற முடியும்.

அந்த வருடக் கூட்டத்தில் நாய்களைப் பற்றி ஒரு சண்டை நடந்தது. கூட்டம் நடப்பது முன்பள்ளி மண்டபத்தில். நாங்கள் எல்லோரும் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். பின்னால் மேசையில் டீயும் பெட்டிஸும் ஆறிக்கொண்டிருந்தன. நான் எழும்பி, எனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில், "ஆடு, கோழி, யானை ஒன்றுமே லேனுக்குள் வளர்க்கக் கூடாது என்று ஒரேயடியாகப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோமே" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், ரயிலுக்குக் கொடி காட்டுகிற முகத்தோடு, "ஆதரிப்பவர்கள்?" என்று கேட்டார். டீயைப் பார்த்தபடி அத்தனை கைகளும் மேலே போயின. என் கையும்தான்.

நான் கண்டியில் புடைவைக் கடையில் வேலை செய்கிறவன். வாய்தான் என் தொழில். இருபது சேலையை விரித்துக் காட்டி ஒன்றையும் விற்காத நாளிலும் வாடிக்கையாளரைச் சிரிக்கவைத்து அனுப்புவேன். முதலாளிக்கு அது பிடிக்காது. வீட்டில் என் மனைவிக்கும் பிடிக்காது. அன்று ராத்திரி விஷயத்தைச் சொன்னபோது, "கோழிய விடுங்க, யானைய எதுக்குச் சேர்த்தீங்க? யானை ஊர்வலம் போற கண்டியில இருந்துக்கிட்டு யானைய வேணாம்னு சொன்ன மொத ஆள் நீங்கதான்" என்றாள்.

சட்டத்தை எல்லோரும் மறந்துபோனார்கள். கீழ் வீட்டு நானாவின் கோழிகள் வழமைபோல என் மனைவியின் கீரைப் பாத்தியைக் கிளறின. பக்கத்து வீட்டு அக்கா ஒரு சேவல் குஞ்சைக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கினார். பிறகு எதிர் மாடிவீட்டுக்கு ஒரு நர்ஸ் மிஸ் வாடகைக்கு வந்தார்.

மிஸ்ஸின் மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ராத்திரி டியூட்டி முடித்துக் காலையில் கண் சிவக்க வந்து படுப்பார். அவர் படுக்கிற நேரமும் அக்காவின் சேவல் நெஞ்சை நிமிர்த்துகிற நேரமும் ஒன்றாகப் போனது. அது விடியலுக்கு மட்டும் கூவுகிற சேவல் இல்லை. பஸ் ஹோர்ன் அடித்தாலும் குக்கர் விசில் அடித்தாலும் பதில் சொல்லும். பொறுத்துப் பார்த்துவிட்டு மிஸ் தலைவரிடம் போனார். தலைவருக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. அடுத்த கூட்டத்துக்குள் லேனில் கோழி இருக்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்குப் பின்னேரம் அக்கா எங்கள் குசினி வாசலில் வந்து நின்றார். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணம் கட்டி வந்து இங்கே ஒரு பாடசாலைக் கன்டீனில் சமைக்கிறார். யானைச் சட்டம் போட்ட கூட்டத்துக்கு அவர் வந்திருக்கவில்லை.

"தம்பி, எவனோ ஒரு மடையன் கோழி வளக்கப்படாதுன்னு சட்டம் போட்டிருக்கானாமே."

என் மனைவி தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"மத்தவங்க கோழிய வித்துப்புடுவாங்க. என்னால ஏலாது. இது முனிக்கு நேந்துவிட்ட சேவல்."

அக்காவின் மகன் திரீவீல் ஓட்டுகிறவன். போன வருடம் ஒரு முடக்கில் வண்டி குடைசாய்ந்து, பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். அக்கா வார்டு வாசலில் நின்று, பிறந்த தோட்டத்து முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டார்: பிள்ளை எழும்பினால் செஞ்சேவல் ஒன்றை என் கையால் தீனி போட்டு வளர்த்து உனக்குத் தருகிறேன். பையன் எழும்பினான். கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். டொக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். அக்கா விடவில்லை. நேர்த்தி தீரும்வரை அவன் வண்டியில் கை வைக்கக் கூடாது. திரீவீல் முற்றத்தில் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றது. பையன் அதன் பக்கத்தில் குந்தியிருந்து சேவலுக்குச் சோளம் போடுவதை நானே எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

"தோட்டத்துல அண்ணன் வீட்டுல விட்டு வளக்க ஏலாதா?" என்று கேட்டேன்.

"என் கையால வளக்கிறேன்னு சொன்னேனே தம்பி. அண்ணன் கைன்னா சொன்னேன்? தோட்டத்துக் கோயில் திருவிழா வரைக்கும் இருந்தா போதும். நீங்கதான் சிங்களம் நல்லா கதைப்பீங்க. கூட்டத்துல நமக்காக எழும்பிப் பேசுங்க."

மறுக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "நான் பாத்துக்கிறேன் அக்கா" என்று வந்தது. என் வாய் எப்போதும் அப்படித்தான்.

கூட்டத்துக்கு முன்னே ஆள் சேர்த்தேன். நானா உடனே வந்தார். "எண்ட கோழி என்னத்தயாம் செஞ்சிச்சி? வெள்ளனயே கூட்டுக்குள்ள போய்ப் படுக்கிது. லேன்ல அதுதான் ஒழுக்கமான சீவன்" என்றார். கோழி இல்லாத வீடுகளிலும் முட்டை சாப்பிடுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களும் வந்தார்கள்.

மறுபடியும் குட்டிக் கதிரைகள். நான் எழும்பி, இந்தச் சட்டம் யோசித்துப் போட்ட சட்டமே இல்லை, யோசித்திருந்தால் அதில் யானை வந்திருக்குமா, ஆகவே இதை மாற்ற வேண்டும் என்று வாதாடினேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதை முன்மொழிந்ததே நீங்கள்தானே?"

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். போன முறை வந்திருக்க வேண்டிய சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எவனோ ஒரு மடையனை நேரில் பார்க்கிற பார்வை.

"ஆமாம், நான்தான். அதனால்தான் நானே வந்து கேட்கிறேன்" என்றேன். அதற்கு மேல் பகிடி ஓடவில்லை. ஆகவே நடந்ததைச் சொன்னேன்: ஆஸ்பத்திரி, பையன், முனியாண்டி, முற்றத்தில் நிற்கிற வண்டி. தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தன் மகளுக்குச் சுகமில்லாமல் போனபோது கதிர்காமத்துக்கு வேண்டிக்கொண்டதையும், அதைத் தீர்க்கும்வரை தூக்கம் வராததையும் சொன்னார். "வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதான். கடவுள் எந்த ஊர்க் கடவுளாக இருந்தால் என்ன?"

நர்ஸ் மிஸ் எழும்பினார். "அதற்கென்றால் திருவிழாவரை நான் பின் அறையில் படுத்துக்கொள்கிறேன். பெட்டைக் கோழிகள் கூவுவதில்லைதானே, அவை இருக்கட்டும். வேறு சேவல் மட்டும் வேண்டாம்."

வென்றுவிட்டோம். அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு எந்த மனிதனும் உட்கார்ந்திருப்பான். நான் மிஸ்ஸைப் பார்த்து, "கவலைப்படாதீர்கள் மிஸ், திருவிழா முடிந்ததும் அது கூவாது. கறிச்சட்டிக்குள்ளிருந்து கூவிய சேவலை நான் பார்த்ததில்லை" என்றேன்.

மிஸ்ஸின் முகம் மாறியது. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"வெட்டவா?"

சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் என் வாய் லீவில் போய்விடும். தலைவர் கோபப்படவில்லை. மெதுவாக அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு உயிரை வெட்ட அனுப்புவதற்கு நாங்கள் கை தூக்குவது எப்படி மகளே? திருவிழாவரை இருக்கட்டும். பிறகும் உயிரோடு இருக்கட்டும். சரியா?"

மண்டபம் முழுவதும் அக்காவைப் பார்த்தது. அக்கா தலையாட்டினார்.

வீட்டுக்கு ஏறும்போது அக்கா முன்னால் நடந்தார். நான் பின்னால். பாதி மேட்டில் நின்றார்.

"வெட்டித் தாரேன்னுதான் தம்பி சாமிகிட்டச் சொன்னேன். இப்ப போயி அவர்கிட்ட என்னத்தச் சொல்லுவேன்?"

"இங்க யாருக்குத் தெரியப்போவுது அக்கா? புசல்லாவையில நடக்கிறத தலைவரா வந்து பாக்கப்போறாரு?"

"அவரு வந்து பாக்க வேணாம். நான் தலையாட்டிட்டேனே."

சாமிக்கு ஒரு வாக்கு, ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு வாக்கு. இரண்டுக்கும் நடுவில், கூண்டில், குக்கர் விசிலுக்குப் பதில் சொல்லிக்கொண்டு ஒரு சேவல். அதன்பிறகு பையனும் வண்டிப் பக்கம் போய்க் குந்தவில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்தான்.

திருவிழாவுக்கு நானும் போனேன். அக்கா கூப்பிடவில்லை. "சேவலத் தூக்கிக்கிட்டாவது போங்க" என்று என் மனைவி அனுப்பினாள். நுவரெலியா பஸ்ஸில், துணிப்பைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிய சேவலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் ஹோர்ன் அடிக்கும்போதெல்லாம் அது கூவியது. டிரைவர் உற்சாகமாகி இன்னும் அடித்தார். கம்பளை தாண்டும்வரை அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முனியாண்டி கோயில் தேயிலை மலையின் ஓரத்தில், ஒரு பெரிய மரத்தின் கீழே இருந்தது. பூசாரி அக்காவோடு சின்ன வயதில் ஒன்றாக வளர்ந்தவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார். என்னை ஒரு தரம் பார்த்தார்.

"இவருதானா அந்த ஆளு?"

"இவருதான்" என்றார் அக்கா.

"சரி, நம்மளே பேசி முடிவெடுக்க ஏலாது. சாமிகிட்டயே கேப்போம். உசுரோட ஏத்துக்கிறதுன்னா சேவல் சிலுப்பட்டும். சிலுப்பலன்னா வேண்டுன மாதிரியே குடுக்கிறதுதான். அப்புறம் ஒங்க தலைவருக்கு நீ பதில் சொல்லிக்க."

அது எங்கள் ஆட்களின் வழக்கம். நேர்ந்துவிட்டதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதம் சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

பூசாரி தண்ணீரைத் தெளித்தார். பஸ் முழுக்கக் கூவியே வந்த சேவல் மரம்போல நின்றது. அக்கா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். உதடு மட்டும் அசைந்தது. மறுபடியும் தெளித்தார். சேவல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு யோசித்தது. நான் சாமி கும்பிட்டுப் பல காலம். அன்றைக்குக் கும்பிட்டேன். முனியய்யா, தப்பு என் வாயில்தான், அவங்க மேல ஒண்ணுமில்ல.

பூசாரி மூன்றாம் தரம் சொம்பைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துச் சாம்பிராணிப் புகை என் மூக்கில் ஏறியது. அடக்கினேன். அடங்கவில்லை. மலை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு தும்மல் போட்டேன். சேவல் திடுக்கிட்டுத் தலையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. தண்ணீர் எங்கள் எல்லோர் மேலும் தெறித்தது.

தண்ணீரா, தும்மலா, முனியாண்டியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பூசாரி என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், முகத்தில் விழுந்த தண்ணீரைத் துடைத்தார்.

"சிலுப்பிருச்சு. ஏத்துக்கிட்டாரு" என்றார்.

சேவலின் காலில் மஞ்சள் நூல் கட்டி அவிழ்த்துவிட்டார்கள். அது நேராக மரத்தின் வேருக்குப் போய்க் கிளறத் தொடங்கியது. அக்கா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். பிறகு தன்னுடைய ஃபோனை எடுத்து மகனிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "எடு."

இருட்டும் நேரம் அம்பிட்டியச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். திரீவீல் நின்றது. பையன் அதைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். இழுக்கிற காலை உள்ளே வைத்துக்கொண்டு, வாங்க என்றுகூடச் சொல்லாமல் சிரித்தான். அக்கா வண்டியின் முன்கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். நானும் பக்கத்தில் ஏறினேன். முடக்குகளில் அவன் மெதுவாகத்தான் வளைத்தான். மேடு தொடங்கும் இடத்தில், கோழிக்கு வழி கிடைத்துவிட்டது, அடுத்த கூட்டத்தில் யானையையும் பேசித் தீர்த்துவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

"தம்பி, அடுத்த கூட்டத்துல நீங்க வாயத் தொறக்கிறது டீ குடிக்க மட்டுந்தான்."