நான் குடுத்த அரிஷ்டமும் தாய்மாமன் மடியும்

எங்க வீட்டுக்குப் பின்னாடி ஓட்டு வீடு ஒண்ணு சும்மா கெடந்துச்சு. அத நாலு ஆம்பளைங்களுக்கு வாடகைக்கு விட்டேன். நாலு பேருமே குடிய விட்டவங்க. ஆஸ்பத்திரியில வைத்தியம் முடிஞ்சு நேரா ஊருக்குப் போனா பழைய சேக்காளிக விடமாட்டாங்கள்ல? அதான் கொஞ்ச காலம் ஒண்ணா தங்கி, ஒருத்தருக்கொருத்தர் தொணையா இருக்க ஆலங்குடிக்கு வந்தாங்க.

துபாய்ல இருக்குற எம்மவன் போன்ல கத்துனான். "ஏம்மா, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? குடிகாரங்களுக்கா வீட்ட விட்ட?"

"போடா, குடிக்கிறவன் நம்ம தெருவுல வீட்டுக்கு ஒருத்தன் இருக்கான். விட்டவன் இந்த ஒரு வீட்டுலதான்டா இருக்கான்"னேன்.

அவங்க வந்ததுலருந்து என் வெல்ல டப்பாதான் தங்க மாட்டேங்குது. குடிய விட்டா இனிப்பு கேக்குமாம். கடல மிட்டாய அரிசிப் பானைக்குள்ள வச்சாலும் மோப்பம் பிடிச்சுருவாங்க. அவங்க வைக்கிற சாம்பாரு இருக்கே, அதுல மொகம் பாத்து தல சீவலாம். நானும் பாவம்னு அப்பப்ப புளிக்கொழம்பு குடுத்து விடுவேன்.

அந்த நாலு பேருல வீட்டுக்குப் பொறுப்பு ஒரு டிரைவரு. அவரும் ஒரு காலத்துல குடிச்சுச் சீரழிஞ்சவருதான், விட்டுப் பல வருசமாச்சு. சாயங்காலம் ஆறு மணியானா எல்லாரையும் பாயில வட்டமா ஒக்கார வைப்பாரு. இன்னிக்கு மனசு எப்படி இருந்துச்சுன்னு ஒவ்வொருத்தரும் சொல்லணும். ஒருத்தர் பேசையில மத்தவங்க குறுக்க பேசக் கூடாது, புத்தியும் சொல்லக் கூடாது. புத்தி சொல்லாம மனுசங்க எப்படித்தான் ஒக்காந்துருக்காங்களோ! எனக்கா இருந்தா நெஞ்சு வெடிச்சுரும்.

அதுல கொத்தனாரு தம்பின்னா எனக்கு உசுரு. எங்க வாசப்படி பேந்து கெடந்தத கேக்காமலே பூசிக் குடுத்துச்சு. வந்த புதுசுல பூச்சுக் கரண்டிய பிடிச்சா கை வெடவெடன்னு ஆடும். போகப் போகச் சரியாயிருச்சு.

அந்தத் தம்பிக்கு ஒரே ஒரு கவலை. கீரனூர்ல கட்டிக் குடுத்த தங்கச்சி, மகளுக்குக் காது குத்த நாள் வச்சுருந்துச்சு. தாய்மாமன் மடியிலதான பிள்ளய வச்சுக் குத்தணும்? மூத்த பயலுக்குக் குத்தையில தம்பி குடிச்சுட்டு வந்து, பிள்ளயோட நாற்காலியோட சாஞ்சுருச்சாம். அதனால, "இந்தத் தடவ பெரியப்பா மகன் மடியில வச்சுக்குறேன்"னு தங்கச்சி சொல்லிருச்சு. பெறகு மனசு கேக்காம, "நேர்ல வந்து ஒன்னயப் பாக்குறேன், பாத்துட்டுச் சொல்றேன்"னு போன் பண்ணுச்சு.

அது வர்ற அன்னிக்குக் காலையில, வயித்த வலிக்குதுன்னு தம்பி வந்து நின்னுச்சு. நான் சும்மா இருப்பனா? நான் தெனம் மருந்தா குடிக்கிற அரிஷ்டத்த மூடியில ஊத்திக் கையில குடுத்துட்டு, பால் பொங்குதுன்னு அடுப்படிக்கு ஓடிட்டேன்.

சாயங்காலம் தங்கச்சி பஸ்ஸு எறங்கி வந்துச்சு. மொகத்துல சிரிப்பே இல்ல. ஆறு மணி ஆயிருச்சு. டிரைவரு கேட்டாரு: "தங்கச்சியும் ஒக்காரலாமா?" தம்பி தலயாட்டுச்சு. நானும் போயி ஓரமா ஒக்காந்துக்கிட்டேன்.

தம்பி தலயக் குனிஞ்சுக்கிட்டே பேசுச்சு. "காலையில மருந்துன்னு ஒண்ண வாய்க்கிட்ட கொண்டு போனேன். வாடையிலயே தெரிஞ்சுபோச்சு, இது நமக்கு ஆகாதுன்னு. தெரிஞ்சும் கொஞ்ச நேரம் மூடிய கீழ வைக்கல. கையிலயே வச்சுருந்தேன். பெறகு முருங்கமரத்துல ஊத்திட்டேன்."

தங்கச்சி மொகம் செத்துப்போச்சு. நான் எந்திரிச்சுட்டேன்.

"ஏத்தா, நாந்தான் குடுத்தேன்! வயித்து வலிக்குக் குடுத்தேன்த்தா!"

"அப்பத்தா, குறுக்க பேசக் கூடாது"ன்னாரு டிரைவரு.

"அட சும்மா இருப்பா, பிள்ள பொழப்பு போகுது!"ன்னு ஓடிப்போயி பாட்டில எடுத்தாந்து நீட்டுனேன். எனக்கு எழுத்தா தெரியும்? டிரைவரு வாசிச்சுட்டுச் சொன்னாரு: "அப்பத்தா, இதுலயும் சாராயச் சத்து கொஞ்சம் கலந்துருக்கு. நீங்க மருந்தா குடிக்கலாம். எங்களுக்கு ஆகாது."

"அடி ஆத்தி! அப்ப மூத்தவனப் பெத்ததுலருந்து நானும்ல குடிச்சுக்கிட்டுருக்கேன்! எனக்கும் ஒரு பாயப் போடுங்கப்பா!"

தங்கச்சிக்குப் பொசுக்குன்னு சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே அழுதுச்சு. "முன்ன வாயெல்லாம் நாறும், அப்பவும் இருமலுக்கு மருந்து சாப்பிட்டேன்னுதான் சொல்லும் எங்கண்ணன். இன்னிக்கு மருந்தக் குடிக்காமலே, கையில வச்சுருந்தேன்னு சொல்லுது." எந்திரிச்சு மூக்கத் தொடச்சுக்கிட்டு, "அண்ணே, ஞாயித்துக்கெழம வெள்ளனா வந்துரு. சட்டைய தேச்சுப் போட்டுக்கிட்டு வா"ன்னுச்சு.

கோயில்ல நடந்த காதுகுத்துக்கு எல்லாருமா தாம்பாளம் தூக்கிக்கிட்டுப் போனோம், நானுந்தான். கோயிலுக்குப் பின்னாடி பழைய சேக்காளி எவனோ ஒருத்தன், "மாப்ள, சும்மா இங்கிட்டு வா"ன்னு தம்பியக் கூப்பிட்டான். "நாங்களும் வாரோம்"னு டிரைவரும் மத்த ரெண்டு பேரும் கூடவே எந்திரிச்சாங்க. கூப்பிட்டவனக் காணோம்!

தங்கச்சி பிள்ளயக் கொண்டாந்து தாய்மாமன் மடியில வச்சுச்சு. ஊசி பட்டதும் அந்தக் குட்டி கத்துன கத்து இருக்கே! மாமன் மீசையப் பிடிச்சு இழுக்குது, வேட்டிய நனைச்சுருச்சு. தம்பி அசையணுமே! நான் மொகத்தப் பாக்கல, அந்த ரெண்டு கையத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். கொஞ்சங்கூட ஆடல.