வலப்பக்கம் என்று எழுதியிருந்த சீட்டு

எக்ஸ்ரே எடுக்கும்போதே இடமா வலமா என்று காட்டும் ஈய எழுத்தைத் தகட்டின்மேல் வைத்துவிட வேண்டும். படம் கழுவிக் காய்ந்த பிறகு மையால் எழுதக் கூடாது. இதுதான் விதி. முப்பத்தோரு ஆண்டுகள் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குச் சம்பந்தமில்லாத விதிகளையும் படித்து வைப்பது என் வழக்கம். இந்த ஒன்றை மட்டும் இருபது ஆண்டுகள் தாமதமாகப் படித்தேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்ட தம்பிக்கும், இந்தப் பக்கம் என்னோடு கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கீழ் கோத்தகிரியில் பனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார். நம் பழைய தோட்டத்தில் அப்போது ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வோம். இங்கே என் மகளை யாரும் கூப்பிட்டதில்லை. இருமல் சத்தம் கேட்டதும், "தவமணி வருதுங்க" என்று விலகி வழிவிடுவார்கள். வழிவிடுவது மரியாதைக்கு அல்ல என்பது எனக்கு மெல்லத்தான் விளங்கியது. தவமணிக்கு இப்போது இருபத்தேழு வயது. பிறந்த நாளிலிருந்தே சளி. ஃபேக்டரியில் தேயிலை சலிக்கும் வேலை அவளுக்கு. நாங்கள் இருந்த லைன் வீடு, தொழிலாளர்களுக்குத் தோட்டம் தரும் வரிசை வீடு, அந்த வேலையோடு ஒட்டியது; வேலை போனால் வீடும் போகும்.

விலை விழுந்து ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடிய காலத்தில், ஆட்களைக் குறைக்க நிர்வாகத்துக்குக் காரணங்கள் தேவைப்பட்டன. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "பெரியவரே, காரணம் தெரியாத இருமலை உள்ள வெச்சுக்க முடியாதுங்க. அது தொத்து இல்லீன்னு, என்ன நோய்னு ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிட்டு வாங்க. மூணு மாசம் டைம்." கூடவே ஒரு நோட்டீஸையும் நீட்டினார். அதன் வாசகம் நான் பணியில் இருந்தபோது தயாரித்தது. குறை சொல்ல இடமில்லாமல் நன்றாகவே எழுதியிருந்தேன்.

கோயம்புத்தூரில் ஓர் இளம் டாக்டரம்மா பார்த்தார். இரண்டு முறை காசநோய் மருந்து கொடுத்த சீட்டுகளையும், தவமணியின் ஏழு வயது எக்ஸ்ரேயையும் வரிசைப்படி அடுக்கிக் கொடுத்தேன். அவர் ஸ்டெதஸ்கோப்பை இடது மார்பில் வைத்தார், நகர்த்தினார், வலது மார்பில் வைத்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இந்தப் படம் யாருதுங்க?"

"என் மகளுடையதுதான். பெயரும் தேதியும் இருக்கின்றனவே."

"பேரு சரிங்க. ஆனா இதுல இதயம் இடப்பக்கம் இருக்குது. இவங்களுக்கு வலப்பக்கம்."

தோட்டத்து கம்பவுண்டரும் முன்பு ஒருமுறை, "துடிப்பு தூரமாக் கேக்குதே" என்று சொன்னதுண்டு. "அது ரெண்டு ஸ்வெட்டர் போட்டிருக்குது, அப்படித்தான் கேக்கும்" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். என்னிடம் அப்படி ஒரு சமாதானம் இல்லை. ஏனென்றால் அந்தப் படம் முதலில் வந்தபோது கூடவே ஒரு சீட்டு இருந்தது: 'இதயம் வலப்பக்கம்.' அதைப் பார்த்ததும் எழுதியவரின் கவனக்குறைவு என்று முடிவு கட்டி, 'திருத்தி அனுப்பவும்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன். ஈய எழுத்து வைத்திருந்தால் எக்ஸ்ரேக்காரர் என்னை எதிர்த்துச் சொல்லியிருப்பார். வைக்காததால் தன்னையே சந்தேகப்பட்டார். "நாந்தான் படத்தத் திருப்பிப் பார்த்துட்டனாட்டம் இருக்குதுங்க கிளார்க்கய்யா" என்று மன்னிப்புக் கேட்டு, படத்தைத் திருப்பி, இதயம் இருந்த பக்கத்தை இடப்பக்கம் என்று மையால் எழுதித் தந்தார். நான் அவருக்குப் புத்திமதியும் சொன்னேன்.

தம்பி, உனக்குத் தெரியும் நான் ஏன் அப்படி ஆனேன் என்று. கப்பலேறும் நாளில் குடும்ப அட்டையில் உன் வயது பன்னிரண்டு என்பதற்குப் பதில் இருபத்தொன்று என்று இருந்தது. இருபத்தொரு வயதுக்காரருக்குத் தனி விண்ணப்பம் வேண்டும். "எதிரில் நிற்கும் பையனைப் பாருங்கள்" என்றார் அப்பா. மேசையில் இருந்த எழுத்தர் உன்னைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்தார். நீ, அங்கேயே தங்கிய நம் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாய். அன்றிலிருந்து ஒரு தாளில்கூடப் பிழையை விட்டுவைக்கக் கூடாது என்று இருந்தேன். கடைசியில் சரியாக இருந்த ஒரு தாளைத் திருத்திவிட்டேன்.

தவமணியின் மூக்குக்குள்ளிருந்து சுரண்டி எடுத்ததை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு டாக்டரம்மா விளக்கினார். செல்லுக்குள் சென்ட்ரியோல் என்று ஜோடியாகச் சிறு குழாய்கள் உண்டாம். செல் இரண்டாகப் பிரியும்போது அவை இரு முனைகளிலும் நின்று பங்கீடு சரியாக நடக்க உதவுமாம். பிரிவினை முடிந்ததும் செல்லின் ஓரத்துக்குப் போய் நிற்குமாம். அதன்மேல்தான் நுண்ணிய மயிர் முளைக்கிறது. அந்த மயிர்தான் நுரையீரலின் சளியைத் தள்ளி வெளியேற்றுகிறது. இதயம் எந்தப் பக்கம் அமைய வேண்டும் என்பதும் கருவில் அப்படிப்பட்ட மயிரின் அசைவால்தான் முடிவாகிறதாம். "அந்தக் குழாயில இருக்கற ஒரு புரதத்துலதான் குறைன்னு சந்தேகம். ரத்தத்த அனுப்பி உறுதி பண்ணோணுங்க. தொத்து கிடையாது. அம்மா வழி, அப்பா வழி ரெண்டுலயும் வந்திருக்கும்."

"அப்படியென்றால் பிரிவினை வேலை?"

"அது நல்லாவே நடந்திருக்குதுங்க. அதுக்கப்புறம் செய்ய வேண்டியதுதான் நடக்கல."

நான் சிரித்தேன். அவர் தப்பாக எடுத்துக்கொண்டார். தோட்டத்து மக்களான நம்மை இரண்டு அரசுகள் ஒப்பந்தம் போட்டு, உனக்கு இத்தனை பேர் எனக்கு இத்தனை பேர் என்று பங்கிட்டுக்கொண்ட கதை அந்த டாக்டர் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தலையெண்ணிப் பிரிப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிரித்துக் கொண்டுவந்து ஓரத்தில் நிறுத்திய பிறகு செய்ய வேண்டிய வேலைதான் எவர் மேசையிலும் இல்லை.

'தொற்று அல்ல எனத் தோன்றுகிறது' என்று டாக்டரம்மா எழுதித் தந்த கடிதத்தை மேனேஜர் ஏற்கவில்லை. "தோணுதுன்னா எப்படிங்க? உறுதியா வேணும்." நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். ரத்தம் எங்கோ ஒரு ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தது. மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். கெடு முடிந்து, அக்டோபர் பதினாறாம் தேதி லைன் வீட்டின் சாவியை ஒப்படைத்தோம். தவமணி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். பஞ்சுத் தூசியில் இருமல் கூடியிருக்கிறது. நான் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு வாடகை அறையில் இருக்கிறேன்.

பதில் வந்ததும் அவளுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். சென்ட்ரியோல் புரதத்தில் குறை; தொற்று அல்ல; நெருங்கிய உறவினரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. தம்பி, உன் பிள்ளைகளும் இதில் அடக்கம். பிறகு சிவப்பு மைக் கதையையும் சொன்னேன். அவள் இருமி முடித்தாள்.

"வுடுங்கப்பா. சித்தப்பாவ இருபத்தொண்ணு ஆக்குன கிளாக்கருக்கும் ஒரு மக இருந்திருப்பா" என்றாள்.

தபால்காரர் என்னைத் தேடிக் கொண்டுவந்து தந்த அந்தப் பதிலின் உறையில் லைன் வீட்டு முகவரியை அடித்து, 'இவ்விடம் இல்லை' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதில் மட்டும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதன்கீழே, பழைய பழக்கத்தில், நான் எழுதியது இவ்வளவுதான்: கிடைத்த நாள், நவம்பர் நான்கு.