தாராவியிலிருந்து போன காற்றுப்பெட்டி

மலை எரியுது என்று அத்தான் போன் பண்ணினார். மூணு நாளாக எரியுதாம். அக்கா பேசவில்லை. அவளால் முடியவில்லை.

அக்கா வீடு தென்காசிப் பக்கம், மலையடிவாரம். கோடையில் மலையில் தீப்பிடித்தால் புகை இறங்கி ஊருக்குள் படுத்துக்கொள்ளும். மற்றவர்களுக்குக் கண் எரியும், அவ்வளவுதான். அக்காவுக்கு இளைப்பு. புகைக் காலத்தில் ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் நின்று மூச்சை இழுத்துத்தான் பேசுவாள். போன வருஷம் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுக்கப் போட்டார்கள். இந்தத் தடவை புகைக்குள் வைத்திருக்காதே, தாங்கமாட்டாள் என்று டாக்டர் அத்தானிடம் சொல்லிவிட்டார்.

இங்கே மும்பைக்கு வந்துவிடு என்றேன். அக்கா போனை வாங்கினாள்.

"உங்க ஊரு... காத்த... நான் பாத்துருக்கேன்ட்டி."

அதுவும் உண்மைதான். முன்னே ஒருதரம் தாராவிக்கு வந்து ஒரு வாரம் இருமிவிட்டுப் போனவள். முகமூடி வாங்கி அனுப்பினேன். அக்காவுக்கு அதைப் போட்டால் இன்னும் முட்டுதாம். அத்தான் அதைத் தாடையில் மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்வந்தார்.

நான் வேலை பார்ப்பது ஃபில்டர் செய்கிற ஃபாக்டரியில், இங்கே கார்கானா என்போம். பெரிய கட்டடத்து ஏசிக்கு வைக்கிற ஃபில்டர். வெள்ளைத் துணியை விசிறி மாதிரி மடித்து, அட்டைச் சட்டத்தில் பசை போட்டு ஒட்டுவோம். பதினாலு வருஷமாக மடிக்கிறேன். யார் மூச்சுக்கு என்று நினைத்ததில்லை.

அந்த வாரம் மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி வந்தார். ஒரே அளவில் நாலு ஃபில்டர் வேண்டும் என்றார். ஏசி எத்தனை டன் என்று முதலாளி சேட் கேட்டார். ஏசியே கிடையாது என்றார் மாமி. நாலையும் நாலு சுவர் மாதிரி நிறுத்தி, அடியில் அட்டை, மேலே ஃபேன். ஃபேன் மேல்பக்கம் ஊதணும். சுற்றியிருக்கிற காற்று ஃபில்டர் வழியாக உள்ளே போகும், அழுக்கு துணியிலேயே நின்றுவிடும். அவர் வீட்டுக்காரருக்கு நெஞ்சுக் கோளாறு. ஒரு அறையைச் சாத்திவைத்து அதற்குள் இதை ஓட்டினால் போதுமாம். சேட் சிரித்தார். நான் மடிப்பதை நிறுத்திவிட்டேன்.

சட்டம் கோணிப்போன நாலு பீஸைச் சேட்டிடம் கேட்டேன். எடுத்துப்போ என்றார். தாதரில் ரயில் ஏறுகிற ஊர்க்காரர் ஒருத்தரிடம் கட்டிக் கொடுத்தேன். மேலே படுத்துவிடாதீர்கள் என்று மூணு தடவை சொன்னேன்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் அத்தானுக்குச் சொல்லிச் சொல்லிப் பெட்டியை ஒட்டவைத்தேன். முதலில் வீட்டு ஃபேனைக் கவிழ்த்து வைத்தார். திருப்பச் சொன்னேன். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி, கதவைச் சாத்தணும், அடுப்பு கூடாது, கொசுவத்தி கூடாது, பீடி கூடவே கூடாது என்றேன். எல்லாம் எழுதிக்கொண்டார். சாம்பிராணியைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

பெட்டி தயார். அத்தான் சுவிட்சைப் போடவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்துப் போடலாம் என்றார்.

மறுநாள் காலை கார்கானாவில் இருக்கும்போது வீடியோ வந்தது. பெட்டிக்கு மாலை. நாலு பக்கமும் சந்தனம், குங்குமம். அடியில் எலுமிச்சம்பழம். கதவு விரியத் திறந்து கிடக்கிறது. பாதித் தெரு உள்ளே நிற்கிறது. ஒரு கோழியும் நிற்கிறது. நடுவில் அக்கா நாற்காலியில், கல்யாணப் பொண்ணு மாதிரி.

பக்கத்து வீட்டு மதினி தூபக்காலோடு வந்தாள். கை நிறைய சாம்பிராணி அள்ளிப் போட்டாள். போன் முழுக்க வெள்ளை. வெள்ளைக்குள்ளே அக்கா இருமுகிற சத்தம்.

நான் கத்தினேன். பதினாலு வருஷத்தில் கார்கானாவில் யாரும் என் குரலை அப்படிக் கேட்டதில்லை. மெஷினை நிறுத்திவிட்டு க்யா ஹுவா, க்யா ஹுவா என்று எல்லோரும் ஓடிவந்தார்கள். சேட்டும் வந்தார். சாமிக்குப் போட்டதை எப்படி வெளியே எறிவது என்று மதினி அங்கே கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அத்தான் தூபக்காலைப் பிடுங்கி முற்றத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பாதித் தெருவும் உள்ளே மாட்டிக்கொண்டது.

"ஃபேனைப் போடுங்க அத்தான்."

போட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. சேட் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பிறகு புகை கீழே இறங்கிப் பெட்டியின் பக்கவாட்டுக்குள் போக ஆரம்பித்தது. முதலில் சுவர்க் காலண்டர் தெரிந்தது. கார்கானாவில் கைதட்டினார்கள். அடுத்து கொடித்துணி. அதற்கும் கைதட்டு. கோழி தெரிந்ததும் பசை தடவுகிற பிகார்க்காரர் விசிலடித்தார். கடைசியில் அக்கா முகம். கண்ணில் தண்ணீர், வாயில் இன்ஹேலர், ஆனால் உட்கார்ந்திருந்தாள். அத்தான் ஃபில்டரைத் தொட்டுவிட்டு விரலைப் போனுக்குக் காட்டினார். கறுப்பு.

எங்க மால், எங்க சரக்கு என்று சேட் எல்லோரிடமும் சொன்னார். கோணல் பீஸ் என்பதைச் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. புகையை ஓட்டியாகிவிட்டது. அக்கா நெஞ்சு என்ன சொல்லும் என்று தெரியாதே.

அடுத்த நாள் மதியம் போன் அடித்தது. அத்தான் நம்பர். எடுத்தால் அக்கா.

"ஏட்டி, இத்தன வருஷமா இதத்தான் மடிச்சிட்டு இருந்தியா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதாட்டி, நான் இங்க நெஞ்சு விசிலடிக்க உக்காந்திருக்கேன் நீ அங்க எவன் ஏசிக்கோ மடிச்சுக் குடுத்திருக்க, இப்ப பாரு மதினியும் வந்து படுத்துக்கிட்டா, அவ மருமவ புள்ளத்தாச்சி அவளும் வந்துட்டா, மேலத்தெரு தாத்தா பாயோட வந்துட்டாரு, என் ரூமுல எனக்குக் காலு நீட்ட எடமில்ல, உங்க அத்தான் என்னடான்னா வாசல்ல நின்னு டோக்கன் குடுக்காத குறையா..."

நான் இழுப்புக்காகக் காத்திருந்தேன். இங்கே நிற்பாள், இங்கே நிற்பாள் என்று. நிற்கவில்லை. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். சிரிக்கியா என்று அதற்கும் சேர்த்து ஏசினாள்.

என்ன சொல்கிறார் என்று பிகார்க்காரர் கேட்டார். திட்டுகிறாள் என்றேன். நல்லா கேளு என்றார்.

மலை இன்னும் எரியுது என்று நடுவில் சொன்னாள். இன்னும் எட்டு ஃபில்டர் அனுப்பு என்றாள். போனைப் பசை டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு மடிக்க உட்கார்ந்தேன். அவள் முடிப்பதாக இல்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.