இடம் மாறிய பை

கலையரசன் துவாக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன். ஸ்ரீரங்கத்தில் அக்கா வள்ளிக்கண்ணுவின் வீட்டில் இருந்தான். எட்டாவதோடு நின்று, தையல் மிஷின் மிதித்து அவனை இன்ஜினியரிங் படிக்க வைத்தவள் அவள்.

ஒரு மருத்துவமனைக்கு ஆபரேஷன் வரிசையைப் போட்டுக் கொடுத்தது அவன் புரோகிராம். நோயின் தீவிரத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க். மார்க் ஒன்றாக இருந்தால் முதலில் பதிந்தவர் முன்னால். மருத்துவமனையின் எல்லாக் கிளை நோயாளிகளின் பெயர்களும் சேர்ந்ததும் வரிசைப்படுத்த நாற்பது நொடி பிடித்தது. கலையரசன் அந்தப் பகுதியை வேறு முறையில் திருத்தி எழுதினான். ஒரே நொடி! ஆபீசில் கைதட்டினார்கள்.

சோதித்துப் பார்க்க அவன் போட்ட இருபது பெயருக்கும் இருபது வேறு மார்க். ஒரே மார்க்கில் இரண்டு பேர் வந்தால் புதிய முறை அவர்களை இஷ்டத்துக்கு மாற்றிப் போடும் என்பது அதனால் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து கேள்வி வந்தது. பச்சைமலையைச் சேர்ந்த காத்தமுத்து என்ற நோயாளி, முறை வருமுன் இறந்துவிட்டார்; அவர் முறை ஏன் தள்ளிப்போனது? கலையரசன் பழைய பட்டியல்களைத் திறந்தான். எழுபது மார்க்கில் பதினோரு பேர். முதலில் பதிந்தவர் காத்தமுத்து. நின்றதோ ஒன்பதாவதாக.

"ஒரு வரி சேர்த்தா சரியாயிடும்ல?" என்றார் மேனேஜர் பிராங்க்ளின். "சேர்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இரு. வெளிய போச்சுன்னா உனக்கு வேலை இல்ல."

மார்க் ஒன்றானால் பதிந்த தேதியைப் பார்க்கச் சொல்லும் அந்த ஒரு வரியைச் சேர்த்தான். வீட்டில் சோறு இறங்கவில்லை. அக்காவிடம் சொன்னான்.

"ரேஷன் கடையில பையை வச்சு இடம் போட்டுட்டு வரோம். போய்ப் பார்த்தா பை பின்னால கிடக்கு. அதானேடா?"

"அதேதான்க்கா. நகர்த்துனது நான்." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நாளைக்கு மலைக்குப் போறேன். அவங்க வீட்டுல சொல்லணும். வேலை போயிடும்" என்றான்.

வள்ளிக்கண்ணு அவன் சட்டையில் தொங்கிய பொத்தானை எடுத்துத் தைத்தாள்.

மறுநாள் பச்சைமலையில், காத்தமுத்துவின் மனைவி இருசம்மாள் குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டே அவன் சொன்னதை முழுவதும் கேட்டாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு முதல்லதான் பதிஞ்சாரா?"

"ஆமாங்கம்மா. அவருதான் முதல் ஆளு."

கத்தி நின்றது.

"‘இல்ல புள்ள, நான்தான் முதல்ல பதிஞ்சேன்’னு சொல்லிக்கிட்டே கிடந்தாரு. மத்தவங்களுக்கெல்லாம் ஆபரேஷன் ஆகிப்போச்சு, நீ லேட்டாப் போயிட்டு பொய் வேற சொல்றியான்னு சாகுற வரைக்கும் ஏசுனேன், தம்பி."

அவள் எழுந்து உள்ளே போனாள். கீழே இறங்க மூன்று மணிக்குத்தான் பஸ். கலையரசன் வாசலிலேயே நின்றான்.