மாஸ்டராக இருந்த நான்

சினிமாவில் நான் ஒரு தடவைகூடப் பெண்ணாக நடித்ததில்லை.

எங்கள் வீடு குளச்சலில். அப்பா மீன் ஏலம் விடுகிறவர். சின்ன வகுப்பில் படிக்கையில் தலையெல்லாம் பேனாகிவிட்டதென்று அம்மா என் முடியை ஒட்ட வெட்டிவிட்டாள். அந்த வாரம்தான் துறைமுகத்துக்குப் படப்பிடிப்புக்காரர்கள் வந்தார்கள். கடலில் குதிக்க வேண்டிய பையனைச் சென்னையிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். அவன் அலையைப் பார்த்ததும் தன் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான், விடவேயில்லை. மீன்பிடி வள்ளமொன்றில் ஏறி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற என்னைக் கைகாட்டி, அந்தப் பையன் குதிப்பானா என்று இயக்குநர் கேட்டார்.

அப்பா பதறி ஓடி வந்தார். "அது பையன் இல்ல சாரே, பெண்ணாக்கும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் வள்ளத்திலிருந்து குதித்திருந்தேன். கேமரா இன்னும் ஓடவில்லை என்று யாரோ கத்தினார்கள். அதனாலென்ன, ஏறி வந்து மறுபடியும் குதித்தேன்.

அந்தப் படத்தின் கடைசியில் பையன் கடலோடு போய்விடுவான். தியேட்டரே அழுதது. செத்துப்போன நான் அப்பாவின் மடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். பிறகு வரிசையாக வாய்ப்பு வந்தது, எல்லாம் பையன் வேஷம்தான். கதாநாயகனின் சிறுவயது, டீக்கடை அநாதை, உண்டியல் திருடன். திரையில் ஒரு பையன் பெயரை வைத்து, அதற்கு முன்னால் 'மாஸ்டர்' என்றும் போட்டார்கள். நான் பேசுகிற தமிழ் சென்னைக்காரர்களுக்குப் பாட்டுப் பாடுகிற மாதிரி இருந்ததாம். அதனால் என் அம்மாவைவிட மூத்த ஒரு பெண்மணி எனக்குக் குரல் கொடுத்தார். பெண்பிள்ளையின் உடம்பு, பெரிய மனுஷியின் குரல், இரண்டும் சேர்ந்து ஊர் மெச்சிய ஒரு பையன்.

வயதுக்கு வந்ததோடு அந்தப் பிழைப்பு முடிந்தது. எல்லாரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். நானோ முடி வளர்ப்பதில் மும்முரமாக இருந்தேன். பின்னல் தோளைத் தொட்ட நாளில் தெருவெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தேன். அப்புறம் படிப்பு, பிசியோதெரபி, நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. சிகிச்சைக்கு வருகிற சிலர் என் முகத்தை உற்றுப் பார்த்து, உனக்குத் தம்பி யாராவது உண்டா என்று கேட்பார்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் காற்றாலையில் இன்ஜினியர் வேலை. சினிமாவில் நடித்த பெண் என்றால் யோசிப்பார்கள் என்று பயந்து, அம்மா என் பழைய சினிமாப் புகைப்படங்களையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஷோகேஸில் ஒன்று மட்டும் தப்பிவிட்டது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார் காப்பியைக்கூடத் தொடாமல் நேரே அதனிடம் போனார்.

"இந்தப் பையன் உங்களுக்கு யாரு?"

"எனக்க அண்ணன் மொவன்" என்றாள் அம்மா, கூசாமல்.

அந்தம்மா நெஞ்சில் கைவைத்தார். "படத்துல இவன் செத்தப்போ எனக்க மொவன் சோறே திங்கல. இவன மாதிரியே முடி வெட்டணும்னு ஒரே அழுகை. இப்பம் எங்க நிக்கான்?"

கப்பலில் வேலை என்றாள் அம்மா. எந்தக் கப்பல், எப்போது வருவான், கல்யாணமாயிற்றா என்று கேள்விகள் வந்தன. அம்மா கப்பலை ஓமன் வரைக்கும் ஓட்டிவிட்டாள். அப்பாவுக்குக் காப்பி புரையேறியது.

மாப்பிள்ளையையும் என்னையும் தனியாகப் பேசச் சொல்லி வீட்டுக்குப் பின்னால் அனுப்பினார்கள். என்னைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தயங்கித் தயங்கி, கல்யாணத்துக்கு அந்தப் பையன் வருவானா என்றுதான் கேட்டார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அவன் வராம கல்யாணமே நடக்காது. அது நானாக்கும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பின்னலைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். பிறகு துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணில் நீர் வழிய நாங்கள் உள்ளே போனபோது, அழுது பிரிந்துவிட்டோம் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் அம்மா அடுக்களைக்குள் மறையப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தாயாரோ என் தாடையைப் பிடித்து இந்தப்புறமும் அந்தப்புறமும் திருப்பினார். "எனக்க பிள்ளைய பட்டினி போட்டவ நீதானாட்டி? இனிமே நீயே பொங்கிப் போடு" என்று தன் கையிலிருந்த லட்டை என் வாயில் திணித்தார். மறுத்துச் சொல்ல வாயில் இடமில்லை.

மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் எங்கள் கல்யாணத்தை அறிவிக்கிற ஓலையை வாசித்து முடிப்பதற்குள் செய்தி ஆரல்வாய்மொழி முழுக்கப் பரவிவிட்டது. கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டார் செல்போனைத் தூக்கிக்கொண்டு வரிசையாக மேடையேறினார்கள். பட்டுப்புடவையும் நகையுமாக நான் ஒவ்வொருவரோடும் நின்றேன். படமெடுக்க வசதியாகச் சற்றுத் தள்ளி நிற்கும்படி எல்லாரும் மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டார்கள். அவரும் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகத் தள்ளி நின்றார்.