கடமான் வேட்டையும் என் காலில் தைக்காத முள்ளும்

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். கரும்பாறையை உடைத்து மூன்று கிணறு வெட்டினேன். மூன்றிலும் தண்ணீர் கண்டேன். கொள்ளுகூட முளைக்காது என்று ஊர் கைவிட்ட மேட்டில் மஞ்சள் விளைய வைத்தேன். பிறகு நாமக்கல்லில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, இரண்டு தச்சர்களோடு லாரிக்குப் பாடி கட்ட ஆரம்பித்தேன். அந்தக் கொட்டகை இன்று எவ்வளவு பெரிய பட்டறை என்பதை வந்து பார்த்தால் தெரியும். இதையெல்லாம் செய்தது நான்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஒன்றை மட்டும் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். எனக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரத்தில். தை மாதம் சோளக் கதிர் முற்றியதும் கடமான்கள் மலையிலிருந்து இறங்கி வந்து மேய்ந்துவிட்டு, விடிகிற நேரத்துக்கு மேலே ஏறிவிடும். அறுவடைக்கு முன்னால் ஒரு நாள் ஊர் கூடி வேட்டைக்குப் போவது வழக்கம். பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஊருக்கே இரண்டுதான். ஒன்று என் அப்பாவுடையது. முதல் வெடி எப்போதும் அவருடையதுதான்.

அந்த வருடம் அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. மேடு ஏறினால் இரைத்தது. தூரத்தில் நிற்பது மாடா ஆளா என்று தெரியவில்லை. வேட்டைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டுக்கு வந்தார்.

"மாமா, இந்த வருசம் நீங்க ஊட்டுலயே இருங்க. உங்க எடத்துல என்ற மச்சான் நிக்கட்டும். பங்கு ஊடு தேடி வந்துருமுங்க."

அவர் போன பிறகு அப்பா என்னிடம் மட்டும், "நிக்காம வாங்குன கறி எனக்குத் தொண்டைல எறங்காது சாமி" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

நான் அப்போதே பெரியதனக்காரரிடம் போய், அப்பாதான் நிற்பார் என்றேன்.

"யுத்தத்துல துப்பாக்கி மருந்து எங்கியும் கெடைக்கறதில்ல. ஒரே வெடிக்குத்தான் இருக்குது. தப்புச்சுன்னா?"

"தப்புச்சுன்னா இனி எங்கூட்டுல யாரும் அந்த எடத்தக் கேக்க மாட்டமுங்க" என்றேன்.

வாய்விட்டுச் சொல்லியாயிற்று. இனி வேலை என்னுடையது. பதினைந்து நாளும் விடியலில் மலையடிக்குப் போனேன். குளம்படிகளைப் பார்த்து, கடமான்கள் எந்த இடுக்கு வழியாக ஓடையைக் கடக்கின்றன என்று கண்டுபிடித்தேன். பிடி மண்ணை எடுத்துத் தூவி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். அப்பாவின் கண்ணுக்கு எட்டுகிற மாதிரி, ஓடையிலிருந்து இருபது தப்படியில், எங்கள் வாடை கடமான் மூக்குக்குப் போகாத ஒரு புதரைப் பிடித்தேன். பழைய செங்குத்துப் பாதை அவருக்கு ஆகாது என்பதால் முள்ளை வெட்டிச் சுற்றுவழி ஒன்று போட்டேன். அதில் மூன்று இடத்தில் உட்காரத் தோதாகக் கல்லைப் புரட்டிப் போட்டேன்.

ஆனால் என் அப்பா களைத்துப்போய் உட்காருகிற மனிதர் இல்லை. உட்காரச் சொன்னால் திரும்பியே போய்விடுவார். அதற்கும் வழி வைத்திருந்தேன்.

வேட்டை நாளில் இருட்டு பிரிகிற நேரத்துக்குக் கிளம்பினோம். முதல் கல் வந்ததும் நான் நொண்டினேன். "அப்பா, முள்ளுங்க" என்று தரையில் உட்கார்ந்து காலைத் தடவினேன். அவர் கல்லில் உட்கார்ந்தார். இரண்டாவது கல்லிலும் அப்படியே. மூன்றாவது கல்லில் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"மறுக்காவுமா? உன்ற காலு காலா, இல்ல முள்ளுக்கட்டா?"

அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. நான் இல்லாத முள்ளை அவர் மூச்சு சமனாகும்வரை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

புதருக்குள் அவர் பின்னால் உட்கார்ந்து முதுகில் கை வைத்துக்கொண்டேன். கடமான் வந்தால் ஒரு அழுத்து அழுத்த வேண்டும், அவர் சுட வேண்டும் என்று ஏற்பாடு. கீழே காட்டைக் கலைக்கிறவர்கள் தகரம் தட்டினார்கள். இடுக்கில் சருகு நொறுங்கியது. ஒரு உருவம் ஓடைக்குள் இறங்கியதும் அழுத்தினேன். அப்பா சுடவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். அசையவே இல்லை. அது தாண்டிப் போய்விட்டது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அடுத்ததாகக் கொம்போடு ஒன்று வந்தது. நான் அழுத்துவதற்குள் வெடி கேட்டது. ஓடை மணலிலேயே விழுந்தது.

"மொதல்ல போனது பொட்டை. குட்டியக் கூட்டிக்கிட்டுப் போகுது. காலடி கேக்கலையா உனக்கு?" என்றார் அப்பா. எனக்குக் கேட்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவர் பெயரிலேயே விட்டுவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஒரு பங்கு, துப்பாக்கிக்கு ஒரு பங்கு, நாய்க்கும் ஒரு பங்கு உண்டு. தலை, வீழ்த்தியவருக்கு. பெரியதனக்காரரே அதைத் தூக்கி வந்து அப்பா முன்னால் வைத்தார். "அடுத்த வருசமும் நீங்கதானுங்க மாமா" என்றார். வழி பார்த்தவனுக்கு என்று தனிப் பங்கு கிடையாது. நானும் கேட்கவில்லை.

அப்பா சும்மா இருந்திருக்கலாம். "நான் சுட்டது பெருசில்லீங்க. இந்த நொண்டிப் பையனைக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சேத்துனேன் பாருங்க, அதுதான் பெருசு. மூணு எடத்துல முள்ளுன்னு உக்காந்துட்டான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஊர் சிரித்தது. அன்றிலிருந்து நான் முள்ளுக்காலன். அப்பா அதற்குப் பிறகு இரண்டு வருடம் முதல் துப்பாக்கியாக நின்றார். இரண்டு வருடமும் அதே வழியில், அதே மூன்று கல்லில், எனக்கு முள் தைத்தது.

அவர் இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு சொன்னால், முள்ளுக்காலன் சாக்குச் சொல்கிறான் என்று சிரிக்கிறார்கள். இன்று அந்தக் கொம்பு என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வருகிறவர்களிடம் என் பேரன்கள், கொள்ளுத் தாத்தா நொண்டிக்கொண்டு வந்த மகனையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுட்டது என்று சொல்கிறார்கள். சுட்டது அவர்தான், அதில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால் அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். அந்த மூன்று கல்லும் நான் புரட்டிப் போட்டவை. என் காலில் அன்று ஒரு முள்ளும் இல்லை. இனிமேல் அந்தக் கொம்பைக் காட்டுகிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.